விசாரணை இல்லாமல் சாவி இல்லை

நம் நாட்டில் இதுவரை அமைக்கப்பட்ட விசாரணைக் கமிஷன்களை வரிசையாக நிற்க வைத்தால் கல்லணையிலிருந்து கோடியக்கரை வரை நிற்கும். அத்தனையிலும் உண்மையைக் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார். அது தலைநகரத்தில் உட்காரவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம், நான் பாசனப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த ஒரு சின்ன ஊரில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சைக்கிள் கடைக்குப் பக்கத்தில், சாக்கு விரித்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

அவருக்கு இயற்பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். ஊருக்கு அது தேவைப்படவில்லை. நேரில் ‘விசாரணை அண்ணே’, மறைவில் வெறும் ‘விசாரணை’. தொலைந்த சாவிக்கு வேறு சாவி போட்டுக் கொடுப்பது தொழில். அதிலும் எல்லாப் பூட்டையும் தொட மாட்டார். இரும்போ தகரமோ, வேலைக்கான கருவிகள் வைக்கிற பெட்டியாக இருக்க வேண்டும். டிராக்டர் பெட்டி, ரைஸ் மில் பெட்டி, பம்புசெட் மெக்கானிக் பெட்டி, கரண்டு ஆபீஸ் பெட்டி, இவை போதும் அவருக்கு. வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவர் அழுதுகொண்டு வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்.

"வீட்டுப் பூட்டத் தொறந்தா உள்ள குடும்பம் இருக்கும். பீரோவத் தொறந்தா உள்ள வில்லங்கம் இருக்கும். இந்தப் பெட்டியத் தொறந்தா வேலை இருக்கும். நான் வேலைய மட்டும்தான் தொறப்பேன், போங்க."

இப்படிச் சொல்லிவிட்டு வந்த ஆளுக்கு வெற்றிலையும் கொடுப்பார். வெற்றிலையை மென்றுகொண்டு அந்த மனிதர் தன் வீட்டுக் கூரையில் ஏறி ஓட்டைப் பிரிப்பார்.

சரி, கருவிப் பெட்டியே கொண்டுவந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அதோடு வேலை முடிந்ததாக நினைத்தால் நீங்கள் எங்கள் ஊருக்குப் புதுசு. பெட்டியை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, அரத்தைத் தொடாமல், உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்.

"எப்படித் தொலைஞ்சுது?"

எல்லாரும் முதலில் சொல்கிற பதில் ஒன்றுதான். "எப்படியோ தொலைஞ்சுடுச்சுண்ணே." இந்தப் பதிலை அவர் தம் வாழ்நாளில் ஒரு தடவைகூட ஏற்றுக்கொண்டது கிடையாது. எழுந்து போகவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். உட்கார்ந்திருப்பார். உண்மையான பதில் வருகிற வரைக்கும் அரம் சாக்கின் மேலேயே கிடக்கும்.

ரைஸ் மில் ஃபிட்டர் ஒருவர் மாட்டிக்கொண்டதை நானே பார்த்தேன்.

"சாவி எங்கயோ விழுந்துடுச்சுண்ணே."

"எங்க விழுந்துச்சு?"

"அது தெரியலையே."

"எங்கன்னு தெரியாது. ஆனா விழுந்தது மட்டும் தெரியும். சத்தம் கேட்டுச்சா?"

"கேக்கலையே."

"மில்லு ஓடுற சத்தத்துல கேக்கல. சரி. அப்ப மில்லு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீங்க நின்னுக்கிட்டு இருந்தீங்களா, உக்காந்துக்கிட்டு இருந்தீங்களா?"

ஃபிட்டர் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனைதான் அவரைக் கவிழ்த்தது. அரை மணி நேரத்தில் முழுக் கதையும் வெளியே வந்துவிட்டது. மெஷின் ஓடும்போது ஃபிட்டர் அரிசி மூட்டை அடுக்கின் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறார். இடுப்பிலிருந்த சாவி, வாய் தைக்காத ஒரு மூட்டைக்குள் இறங்கியிருக்கிறது. அந்த மூட்டை தைக்கப்பட்டு லாரியேறிக் கும்பகோணம் போயிருக்கிறது. உண்மை வெளிவந்ததும் விசாரணை மலர்ந்த முகத்தோடு அரத்தை எடுத்தார். அதே நேரம் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்த மில் கணக்குப்பிள்ளையும் மலர்ந்த முகத்தோடு எழுந்து மில்லைப் பார்க்கப் போனார். பெட்டிக்குப் புதுச் சாவி கிடைத்தது, ஃபிட்டருக்குத்தான் ஒரு வாரம் வேலை இல்லாமல் போய்விட்டது.

ஏன் இப்படி மனிதர்களை உரிக்கிறார் என்று நான் ஒருநாள் கேட்டேன். அவரிடம் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல்.

"தொலைஞ்சு போயிருந்தா சாவிய மாத்தணும். திருடு போயிருந்தா பூட்டையே மாத்தணும். பொய் சொன்னா ஆள மாத்தணும். எதுன்னு தெரியாம நான் எத மாத்துறது, சொல்லுங்க."

அவருடைய சொந்தப் பெட்டிக்குப் பூட்டு கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அரம், சுத்தியல், பல் வெட்டாத சாவிகள் என்று சகலமும் கிடக்கும் தகரப் பெட்டி, மூடி மட்டும் சும்மா சாத்தியிருக்கும். கேட்டதற்கு, "நான் சாவியத் தொலைச்சா யாருகிட்டப் போறது?" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

அவை நல்ல காலமா கெட்ட காலமா என்று சொல்ல முடியாத வருஷங்கள். ஆட்சி மாறி, மேடைகளில் தமிழ் மணந்து, அலுவலகச் சுவர்களில் படங்கள் மாறியிருந்தன. வயல்களில் கூலிக்கும் குத்தகைக்கும் சண்டை. பண்ணைக்காரர்கள் ஒரு பக்கம், விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒரு பக்கம். ஆடு காணாமல் போனாலும், மாடு காணாமல் போனாலும், அது அந்தப் பக்கத்துச் சதி என்று இந்தப் பக்கமும் இந்தப் பக்கத்துச் சதி என்று அந்தப் பக்கமும் சொல்வது வழக்கமாகிவிட்டது. சாவி மட்டும் விதிவிலக்கா?

எங்கள் பகுதியின் பெரிய பண்ணை மிராசுதார், ஆட்களோடு மல்லுக்கட்ட முடியாமல் ஒரு டிராக்டர் வாங்கினார். வாங்கிய மாதமே அதன் கருவிப் பெட்டிச் சாவியைக் காணோம். சங்கத்து ஆட்கள் திருடிவிட்டார்கள் என்று போலீஸுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. டிரைவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விசாரணையிடம் வந்தார். கடைசியாகச் சாவி யார் கையில் இருந்ததோ அவர்தான் வரவேண்டும் என்று விசாரணை சொல்லிவிட்டார். மிராசுதார் காரில் வந்தார், இறங்கவில்லை. கார் ஜன்னல் வழியாகவே விசாரணை நடந்தது.

"சாவிய டிரைவர்கிட்டேருந்து வாங்குனப்ப உங்க வலது கையில என்ன இருந்துச்சுங்க?"

"என்ன இருக்கும், வெத்தல இருந்துச்சு."

"அப்ப இடது கையில வாங்கியிருப்பீங்க. இடது கையில வெத்தலப் பெட்டி இருந்திருக்குமே."

கார் கிளம்பிப் போனது. வெற்றிலைப் பெட்டியின் அடியில், கொட்டைப்பாக்குக்குக் கீழே சாவி இருந்தது என்று டிரைவர் பிறகு சொன்னார். அன்று முதல் மிராசுதார் பார்வையில் விசாரணை ஒரு சங்கத்து ஆள்.

அடுத்த மாதமே சங்கத்தின் முறை வந்தது. மேடை போடுகிற கருவிகளும் மைக் வயர்களும் வைத்திருந்த சங்கத்துப் பெட்டியின் சாவியைக் காணோம். பண்ணை அடியாட்கள் களவாடிவிட்டார்கள் என்று சங்கத் தலைவர் ஒரு பெரிய கூட்டத்திலேயே முழங்கிவிட்டார். ஊரில் எல்லாரும் அவரைத் தோழர் என்றுதான் கூப்பிடுவார்கள். விசாரணை அவரை உட்கார வைத்து, சாவி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். பத்திரமாக இருக்கட்டும் என்று ஒருவர் இன்னொருவரிடம் கொடுக்க, அவர் வேறொருவரிடம் கொடுக்க, ஏழு கை மாறி அது தோழருடைய சட்டைப் பைக்கே திரும்பி வந்திருந்தது. அந்தச் சட்டை சலவைக்குப் போயிருந்தது. அன்று முதல் சங்கத்தின் பார்வையில் விசாரணை பண்ணையின் கைக்கூலி.

இரண்டு பக்கமும் சந்தேகப்படுகிற ஒரே மனிதர் எங்கள் ஊரில் அவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். எங்கள் ஊர் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்து, மேலே இருப்பவர்கள் எல்லாம் பாய்ச்சிக்கொண்டு, மிச்சம் மீதி எங்களிடம் வந்து சேரும்போது அதற்கே களைத்துப்போயிருக்கும். அதையும் வாய்க்காலுக்கு வாய்க்கால் முறை வைத்துத்தான் விடுவோம். ஒரு வாய்க்காலுக்கு முறை வந்தால், அன்று பொழுது சாய்வதற்குள் அதன் மதகைத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் முறை அடுத்த வாய்க்காலுக்குப் போய்விடும். எடுத்துக்கொள்ளாத முறை வேண்டாத முறை என்று எங்கள் துறையில் ஒரு விதி இருந்தது. இதை எழுதிய புண்ணியவான் நாற்றங்காலை எந்தச் சாளரம் வழியாகப் பார்த்தாரோ தெரியாது.

மதகின் ஷட்டரை ஏற்றி இறக்க ஒரு இரும்புக் கைப்பிடி உண்டு. முன்பெல்லாம் அது மதகிலேயே தொங்கும். சண்டைக் காலம் வந்து, கண்டவர்களும் கண்ட நேரத்தில் ஷட்டரைத் தூக்க ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு மதகு மேடையிலும் ஒரு இரும்புப் பெட்டியை ஆணி அறைந்து பதித்து, கைப்பிடியை அதற்குள் போட்டுப் பெரிய பித்தளைப் பூட்டாகப் பூட்டிவிட்டோம். சுத்தியல், கடப்பாரை, ஸ்பானர் எல்லாம் அதற்குள்தான். மாற்றுச் சாவிகளை மிகப் பத்திரமான இடத்தில் வைக்கவும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் ஓவர்சியர் அலுவலகம் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்தந்த இரும்புப் பெட்டியைவிடப் பத்திரமான இடம் வேறில்லை என்று முடிவு செய்து, அந்தந்த மாற்றுச் சாவியை அதனதன் உள்ளேயே வைத்துப் பூட்டினார். இதற்காக அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது.

மதகைத் திறந்து மூடும் ஊழியருக்கு எங்கள் துறையில் லஸ்கர் என்று பெயர். எங்கள் லஸ்கர் அறிவழகன். பெற்றவர்கள் வைத்த பெயர் சாமிநாதன். பகுத்தறிவு வந்ததும் அதைத் துறந்து, பெயரையும் மாற்றி, கறுப்புச் சட்டைக்கும் மாறிவிட்டார். பஸ் ஸ்டாண்டு மேடையில் நின்று சாமி, பூதம், நேர்த்திக்கடன், தாயத்து எல்லாவற்றையும் கிழித்துத் தோரணம் கட்டுவார். அவர் பேச்சைக் கேட்டுவிட்டு நாலு நாள் விபூதி பூசாமல் இருந்தவர்கள் உண்டு. ஐந்தாம் நாள் பூசிக்கொள்வார்கள், அது வேறு.

அந்த வருஷம் குறுவைக்கு எங்கள் வாய்க்காலின் முறை ஒரு திங்கட்கிழமை வந்தது. நாற்றங்கால் வெடித்து, நாற்று நுனி பழுக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு சுற்று தள்ளிப்போனால் நாற்று அவ்வளவுதான். பெரிய பண்ணை நிலமும் அந்த வாய்க்காலில்தான், சங்கத்துக் குத்தகைக்காரர்களின் நிலமும் அந்த வாய்க்காலில்தான். காலையிலேயே இரண்டு தரப்பும் மதகடியில் வந்து நின்றுவிட்டன. அறிவழகன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டில் விட்டார். சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. இன்னும் ஒரு தரம் முயன்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "பூட்டு கெட்டுப்போச்சு" என்று அறிவித்தார்.

அவ்வளவுதான். பண்ணை ஆட்கள், "ராத்திரியோட ராத்திரியா இவனுங்க பூட்ட மாத்திட்டானுங்க, கூலி உசத்தலேன்னு நம்ம நாத்த சாவடிக்கிறானுங்க" என்றார்கள். சங்கத்து ஆட்கள், "குத்தகைக்காரன் நாத்து செத்தா நெலத்த விட்டு ஓடிடுவான்னு பண்ணைதான் பூட்ட மாத்தியிருக்கு" என்றார்கள். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே தண்ணீர் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. பண்ணை ஆள் ஒருவர் பூட்டை உடைக்கக் கடப்பாரை கொண்டுவந்தார். உடைத்தால் கைப்பிடி பண்ணைக்குப் போய்விடும் என்று சங்கத்துக்காரர்கள் குறுக்கே நின்றார்கள். சங்கத்துக்காரர்கள் உடைக்கப் போனபோது பண்ணை குறுக்கே நின்றது. எங்கள் ஓவர்சியர், சர்க்கார் பூட்டை யார் உடைத்தாலும் தனக்கு மெமோ வரும் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே நின்றார்.

மத்தியானம் தாண்டியது. கம்புகள் வந்து இறங்கின. ஓவர்சியர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஓடிப்போய் அந்த ஆள அழைச்சுக்கிட்டு வாங்க. விசாரணை எதுவும் வேணாம், சாவி மட்டும் போதும்னு சொல்லுங்க."

நான் போய் அப்படியே சொன்னேன். விசாரணை தகரப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டியபடி, "சாப்பாடு போடுங்க, சோறு மட்டும் வேணாம்னு சொல்லுறாரா?" என்று கேட்டுவிட்டு ஏறி மிதித்தார்.

மதகு மேடைக்கு வந்ததும் பூட்டைக் கையில் தாங்கிப் பார்த்தார். தண்ணீர் திறப்புக்கு முன்னால் எங்கள் மதகுப் பூட்டுகள் பதினொன்றுக்கும் அவர்தான் எண்ணெய் போட்டுக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு இந்தப் பெட்டியைத் திறக்கிற முதல் நாள் அன்றுதான்.

"நான் எண்ணெய் போட்ட பூட்டு கெடாது. சாவியக் குடுங்க."

அறிவழகன் கொடுத்தார். விசாரணை சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இந்தப் பூட்டோட சாவி இல்ல. இதே மாதிரி இன்னொரு பூட்டோட சாவி. அந்தப் பூட்டு எங்க?"

நாற்பது பேர் ஒரே சமயத்தில் வாயை மூடியதை அன்றுதான் பார்த்தேன். அறிவழகன் முகம் வெளுத்துவிட்டது.

"அப்படி ஒரு பூட்டு இல்லண்ணே."

"பூட்டு இல்லாம சாவி எப்படிப் பொறந்துச்சு? பகுத்தறிவோட சொல்லுங்க."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். தோழர், "ஆள அடிச்சுக் கேட்டா சொல்லுவான், பண்ணைக்கு வெல போயிட்டான்" என்றார். மிராசுதாரின் காரியஸ்தர், "எழுதிக் குடுத்து வேலைய விட்டுத் தூக்கணும்" என்றார். இரண்டு பேரும் ஒரே ஆளை முறைத்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அறிவழகன் என்ன சொன்னாலும் அன்று அவர் வேலை போகும், அல்லது மண்டை போகும் என்ற நிலை. பொழுதும் இறங்கிக்கொண்டிருந்தது.

விசாரணை அவசரப்படவில்லை. குழல் போல் துளையுள்ள சாவி அது. தூசி தட்டுவதற்காக அதைத் தம் உள்ளங்கையில் கவிழ்த்து லேசாகத் தட்டினார். கொஞ்சம் மணல் கொட்டியது. மணலோடு ஒரு துண்டுக் கிளிஞ்சல்.

எங்கள் ஊரில் மண் என்றால் களிமண். வெயிலில் வெடிக்கும், மழையில் வழுக்கும். கிளிஞ்சலுக்கு நீங்கள் கிழக்கே பஸ் ஏறி, கடல் தெரிகிற வரை போக வேண்டும். பக்கத்தில் நின்ற நானும் அந்த மணலைப் பார்த்தேன். விசாரணை தலையை நிமிர்த்தி அறிவழகனைப் பார்த்தார். அன்று கறுப்புச் சட்டை சலவை மடிப்போடு இருந்தது. அறிவழகனின் கண் கலங்கியிருந்தது. அவர் மனைவிக்கு அது எட்டாம் மாதம் என்பதும், அதற்கு முன் மூன்று குழந்தைகள் தங்கவில்லை என்பதும் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

விசாரணை உள்ளங்கையை மூடிக்கொண்டார். மணலோடு சேர்த்து அந்தச் சாவியையும் மடியில் கட்டிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

"விசாரணை முடிஞ்சுது. தப்பு என்னோடது. எண்ணெய் போடக் குடுத்தப்ப இதே மாதிரி வெளியூர்ப் பூட்டு ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. ரெண்டு சாவியையும் மாத்திக் குடுத்துட்டேன். லஸ்கரு மேல ஒரு குத்தமும் இல்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் வரட்டும்."

ஒரு பொய்யையும் ஏற்றுக்கொள்ளாத மனிதர், நாற்பது பேர் முன்னால், இமை தட்டாமல் ஒரு முழுப் பொய்யைச் சொன்னார். கூட்டம் அவர்மேல் பாய்ந்தது. பண்ணையும் சங்கமும் ஒரே குரலில் திட்டின. எங்கள் ஊரில் ஏற்பட்ட முதல் சமரசம் அதுதான், எந்தத் தாசில்தாரும் வந்து பேச்சு வார்த்தை நடத்தவில்லை. விசாரணை காதில் வாங்கிக்கொள்ளாமல் பல் வெட்டாத ஒரு சாவியை எடுத்தார். மெழுகுவர்த்தியை ஏற்றி அறிவழகன் கையில் கொடுத்தார். சாவியைச் சுடரில் காட்டிக் கரி படிய வைத்து, பூட்டில் விட்டு, லேசாகத் திருகி வெளியே எடுப்பார். கரி எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே அரத்தால் ராவுவார். மறுபடி சுடர், மறுபடி பூட்டு.

"ஆடாமப் பிடிங்க" என்றார் விசாரணை. "நல்லபடியா முடியும்."

பனைமரத் தலையில் வெயில் நின்றபோது பூட்டு திறந்தது. பெட்டிக்குள் முதலில் கண்ணில் பட்டது, எண்ணெய்த் தாளில் சுற்றி, சீட்டுக் கட்டி, ஓவர்சியர் கையெழுத்தோடு பத்திரமாக இருந்த மாற்றுச் சாவி. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஓவர்சியர் ஆகாயத்தைப் பார்த்தார். கைப்பிடியை மாட்டி அறிவழகன் சுற்றினார், ஷட்டர் ஏறியது, வாய்க்காலில் தண்ணீர் இறங்கியது. கம்போடு வந்தவர்கள் கம்பைக் கரையில் போட்டுவிட்டு மண்வெட்டியைத் தேடி ஓடினார்கள்.

அன்று சாயங்காலம் ஆவண அறையில் அறிவழகன் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். படுத்த படுக்கையாக இருந்த மனைவி கேட்டுக்கொண்டதற்காக, ஞாயிற்றுக்கிழமை இரவல் வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறார். பிள்ளை தங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அங்கே ஒரு பூட்டைப் பூட்டி, சாவியைக் கடலில் எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தார். அலுவலகத்துக்குப் பூட்டு வாங்கிய கடையிலேயே தன் வீட்டுக்கும் அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்திருந்தவர், அதைக் கொண்டுபோய்ப் பூட்டினார். இரண்டு சாவியும் ஒரே கயிற்றில் இருந்தன. அலையில் நின்று அவிழ்த்தபோது ஒன்று மணலில் விழுந்தது, இன்னொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார். விழுந்ததை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். அந்த அலையில் போனது மதகுச் சாவி.

"வேலை போனாப் போகட்டும் சார்" என்றார். "பூட்டோட சாவி கடலுக்குப் போகலையே. வேண்டுதல் செல்லுமா?"

பகுத்தறிவாளர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி அது. ஃபைலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

விசாரணைக்குத் தொழில் விழுந்தது. சாவி மாற்றிக் கொடுக்கிற ஆளிடம் யார் போவார்கள்? அவர் கேள்விகளுக்குப் பயந்திருந்த ஃபிட்டர்களும் டிரைவர்களும் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு மன்னார்குடிக்குப் பெட்டி தூக்கினார்கள். எங்கள் அலுவலகமும் தன் பங்குக்கு, இனிமேல் இவரிடம் எந்தப் பூட்டும் கொடுக்கக் கூடாது என்று ஒரு குறிப்பு எழுதியது. அதை எழுதிய கை என்னுடையது. ஓவர்சியர் சொன்னார், நான் எழுதினேன். மடியில் உண்மையை வைத்துக்கொண்டு அந்தக் குறிப்பில் இரண்டு காற்புள்ளிகளைச் சரியான இடத்தில் போட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஒரு மாதம் தாங்கினேன். பிறகு, கருவியும் பெட்டியும் இல்லாத நான், ஒரு சின்னத் தகரப் பெட்டி வாங்கி, இரண்டு சைக்கிள் ஸ்பானரைப் போட்டுப் பூட்டி, சாவியை ஆற்றுப் பாலத்திலிருந்து தண்ணீரில் போட்டுவிட்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"எப்படித் தொலைஞ்சுது?"

"எப்படியோ தொலைஞ்சுடுச்சுண்ணே."

அரம் சாக்கின் மேல் கிடந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் வந்து போனது. இன்னொரு பஸ்ஸும் வந்து போனது. நான் ஃபிட்டரைவிட மோசமான ஆள் என்று தெரிந்துகொண்டேன்.

"நானேதாண்ணே ஆத்துல போட்டேன். இங்க வந்து உக்காரணும்போல இருந்துச்சு. வேற வழி தெரியல."

"உண்மை" என்று சொல்லிவிட்டு அரத்தை எடுத்தார்.

ராவிக்கொண்டிருந்தவரிடம் நான் என் கேள்வியைக் கேட்டேன். மதகு திறந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாக்கு விரித்த இடம் காலியாக இருந்தது. நான் பார்த்திருந்தேன்.

"அன்னிக்கு எங்க போயிருந்தீங்க?"

"ஒரு வேலையா."

"என்ன வேலை?"

அவர் செய்வதையே நானும் செய்தேன், பேசாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தம் வைத்தியம் தம்மேலேயே வேலை செய்வதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"அந்தப் புள்ளையோட சாவி எங்கிட்ட மாட்டிக்கிச்சுல்ல" என்றார் கடைசியில், அரத்தைப் பார்த்தபடி. "போய்க் கடல்ல போட்டுட்டு வந்தேன். நானும் திரும்பிப் பாக்கல. லஸ்கரு எங்கிட்டயும் வந்து கேட்டாரு. சொல்லிட்டேன், செல்லும்னு."

ஆவணியில் அறிவழகனுக்குப் பெண் பிறந்தது. நெல்லும் களிமண்ணும் தவிர வேறெதுவும் தெரியாத ஊரில் அவர் பிள்ளைக்குக் கடலரசி என்று பெயர் வைத்தபோது, நல்ல தமிழ்ப் பெயர் என்று எல்லாரும் பாராட்டினார்கள். அந்தக் கடலரசி இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. அறிவழகன் போன பிறகு, மகளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

விசாரணை போட்டுக் கொடுத்த சாவி என் மேஜையில் இருக்கிறது. தகரப் பெட்டி துருப்பிடித்து உதிர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, பூட்டும் போய்விட்டது. வீடு மாறும்போதெல்லாம் இது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். எதற்கும் இல்லைதான். தொலைத்துவிட்டால் எப்படித் தொலைந்தது என்று கேட்க அவர் இல்லை, அதனால் பத்திரமாக வைத்திருக்கிறேன்.